யார் எழுதிய 'ழ' இது?

1990களின் தொடக்கத்தில் மதுரையில் கணினி அறிவியல் ஆராய்ச்சி மாணவன் ஒருவன் கமிட்டி முன்னால் பேசப் போகிறான் என்றால், தலைப்புகூட அப்புறம்தான், ஓ.எச்.பி. ஷீட் மாற்றிப்போட ஒரு ஜூனியர் கிடைத்தானா என்பதுதான் முதல் கேள்வி. நான் தலையசைத்தால் அவன் அடுத்த ஷீட்டை வைக்க வேண்டும். கொஞ்சம் கண்ணயர்ந்தால் சமன்பாடுகள் சுவரில் தலைகீழாகத் தொங்கும். பல்பு ஃப்யூஸ் போனால் சாக்பீஸ். பவர்பாயிண்ட் 1987லேயே பிறந்துவிட்டதாம். எங்கள் துறைக்கு அது வந்து சேர்வதற்குள் ஜூனியருக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

கையால் எழுதிய தமிழ் எழுத்தைக் கணினிக்கு அடையாளம் காட்டுவது என் ஆராய்ச்சி. பேக்-ப்ராபகேஷன் முறையைப் பற்றி ரூமெல்ஹார்ட், ஹிண்டன், வில்லியம்ஸ் மூவரும் 1986இல் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை, எழுத்து மங்கிய செராக்ஸ் பிரதியாக என்னிடம் இருந்தது. முறை கடல் தாண்டி வந்துவிட்டது. 'ழ' வரவில்லை. அது மேகமலையில் இருந்தது.

அப்பா அங்கே தேயிலை எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறவர். லீவுக்குப் போகும்போதெல்லாம் ஒரு கட்டு வெள்ளைத்தாளுடன் லயன் வீடுகளில் ஏறி இறங்கினேன். கொழுந்து பறித்துவிட்டு வந்து அப்போதுதான் கை கழுவிய பெண்கள், "இதுல எழுதினா லோன் கிடைக்குமாப்பா?" என்றார்கள். கிடைக்காது என்றதும் சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார்கள். எழுதத் தெரியாத ஒரு பாட்டி, கட்டங்களில் வரிசையாகச் சுழி போட்டுத் தந்தார். அதையும் பத்திரமாக வைத்திருந்தேன். எந்த வகையில் சேர்ப்பது என்றுதான் தெரியவில்லை.

டர்போ சி-யில் எழுதிய நிரல் ராத்திரி முழுக்க ஓடும். நடுவில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. கடைசியில் பத்து எழுத்துக்கு ஏழு தேறியது. வைவாவுக்கு வந்த வெளியூர்த் தேர்வாளர் அந்த ஏழைக் கண்டுகொள்ளாமல், தவறிப்போன மூன்றில் ஒன்றில் விரலை வைத்தார். வால் இல்லாத 'ழ'. கணினி அதை 'ம' என்றிருந்தது.

"யார் எழுதினது இது?"

எனக்குத் தெரியும். மேல் லயத்து அத்தை. அந்த வாரம் கவ்வாத்துக் கத்தி பட்டுக் கட்டைவிரலில் கட்டு. வாலைச் சுழிக்க முடியவில்லை. சொன்னேன். அறையே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்காமல், "கட்டுப் போட்ட கை இன்னும் நாலு சேருங்க" என்று குறித்துக்கொண்டார். இன்னொரு பெரியவர், நியூரல் நெட்வொர்க் எல்லாம் ரெண்டு வருஷத்து ஃபேஷன், பையன் வேறு ஏதாவது கற்றுக்கொள்ளட்டும் என்றார். 2024இல் அந்த ஹிண்டனுக்கு இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். பெரியவர் சொன்ன ரெண்டு வருஷம் இன்னும் முடியவில்லை.

உடனே, அந்தக் காலம் போல வருமா என்று நான் பெருமூச்சு விடப்போவதாக நினைக்க வேண்டாம். என் ஆய்வேட்டை முழுசாக வாசித்தவை நூலகத்துக் கரையான்கள். அத்தையின் கடிதத்தை இன்று பேரனின் கைபேசி நொடியில் படித்து, இந்தியிலும் சொல்லும்.

இப்போது கமிட்டியே கைபேசிக்குள் வந்துவிட்டது. 2020 ஏப்ரலில், கொரோனா முடக்கத்தின்போது, வைவாவைக் காணொளியில் நடத்தலாம் என்று யு.ஜி.சி. சொன்னதிலிருந்து, "கேக்குதா சார்? ஸ்கிரீன் தெரியுதா?" என்பதே ஆராய்ச்சி உலகின் கடவுள் வாழ்த்து. சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் பூவின் பெயர். எந்தப் பூவில் சிக்னல் கிடைக்கும் என்பது டிரைவர்களுக்கு அத்துப்படி. அப்படி ஒரு பூவில் வண்டியை ஓரங்கட்டி அண்மையில் ஒரு டாக்டோரல் கமிட்டி மீட்டிங்கில் உட்கார்ந்தேன்.

பேசியவன் கம்பம் பக்கத்துப் பையன். திராட்சை இலை நோயைப் படத்திலிருந்து கண்டுபிடிப்பது தலைப்பு. துல்லியம் 99 சதவீதத்துக்கு மேல். வண்ண வண்ண ஸ்லைடுகள். அம்புகள் தாமாகவே பறந்து வந்தன. இலைகள் மட்டும் எனக்குப் பழக்கமானவையாக இல்லை. ஒவ்வொன்றும் தனியாகப் பறிக்கப்பட்டு, வெற்றுப் பின்னணியில், பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றது.

"இது எந்தத் தோட்டத்து இலைப்பா?"

"டேட்டாசெட் சார்."

"அது எந்த ஊரு?"

நிசப்தம். கமிட்டியில் ஒருவர் அக்கறையோடு, "யூ ஆர் ஆன் மியூட்" என்றார். மியூட் இல்லை.

அது பிளான்ட்வில்லேஜ் தொகுப்பு. 54,306 படங்கள், 14 பயிர்கள். இலைகள் பெரும்பாலும் அமெரிக்க ஆய்வுப் பண்ணைகளில் பறித்தவை. அதை வைத்து 2016இல் வெளியான கட்டுரை 99.35 சதவீதத் துல்லியத்தைக் காட்டியது. அதே கட்டுரை, வேறு இடங்களில் எடுத்த படங்களைக் கொடுத்துப் பார்த்தபோது அது 31 சதவீதத்துக்கு விழுந்ததையும் மறைக்காமல் சொன்னது. முதல் எண்ணை மட்டும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தத் தொகுப்பில் திராட்சைக்குக் கருப்பு அழுகல், எஸ்கா, இலைக்கருகல், நல்ல இலை என நான்கே வகை. கம்பம் பள்ளத்தாக்கின் விவசாயி மழைக்காலத்தில் பயப்படுகிற செவட்டை நோய் அதில் கிடையாது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சைக்கு அமெரிக்க விசா கிடைக்கவில்லை போலும்.

பையன் கெட்டிக்காரன். அந்த வார இறுதியிலேயே சுருளிப்பட்டியில் மாமாவின் பந்தலுக்குள் குனிந்து போய், செவட்டை விழுந்த இலைகளைப் படமெடுத்து நிரலுக்குக் கொடுத்திருக்கிறான். 97 சதவீத நிச்சயத்துடன் அது சொன்ன பதில்: நல்ல இலை.

அடுத்த மீட்டிங்கில் அந்தப் படத்தைத் தைரியமாக ஸ்லைடில் வைத்தான். கமிட்டி கலந்து பேசி, இதை ரிசல்ட்ஸில் வைத்தால் பேப்பர் திரும்பி வரும், 'ஃப்யூச்சர் வொர்க்'கில் போடுங்கள் என்று பரிந்துரைத்தது. என் ஒற்றை ஆட்சேபம் சிக்னலோடு போய்விட்டது.

மாமா என்ன சொன்னார் என்று பிறகு போனில் கேட்டேன். அவர் ஏற்கெனவே மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்துவிட்டாராம். நிரலின் பதிலை மட்டும் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாராம்.

"நோயே இல்லைன்னா சொல்லுது? அப்ப வியாபாரி வர்ற அன்னைக்கு அந்த போனைக் கொண்டுட்டு வந்துரு மாப்ள."