ஆறாம் ஆண்டு ஆலம்கீர்

படிக்கத் தெரியாத எழுத்து எதில் இருந்தாலும் அது புதையல் என்பது என் மாமியார் வீட்டுச் சித்தாந்தம். தமிழில் எழுதியிருந்தால் பத்திரம், இங்கிலீஷில் இருந்தால் நோட்டீஸ், அரபியில் இருந்தால் திப்பு சுல்தான். அதனால், அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த பழைய காசுகள் எங்கள் பங்குக்கு வந்தபோது, பின்னாலேயே மச்சானும் வந்து சேர்ந்தார்.

"மாப்பிள்ளை, நீங்க ரிட்டயர் ஆகி சும்மாதானே இருக்கீங்க? இது எந்தக் காலம்னு கண்டுபிடிங்க. அப்புறம் பங்கு பேசிக்கலாம்."

ஆராய்ச்சியாளன் ஆவதற்கு எனக்கிருந்த தகுதி அதுதான்: சும்மா இருப்பது. கூடவே மருந்துச் சீட்டு படிக்க வாங்கிய ஒரு பூதக்கண்ணாடி. அதை எடுத்துக்கொண்டு நான் வருவதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "என்னங்க, ஒரே கறுப்பா கிடந்துச்சு. குத்துவிளக்கோட சேர்த்துத் தேய்ச்சுட்டேன்." செம்புக்குப் புளி, வெள்ளிக்கு விபூதி. காசு சேகரிக்கிறவர்கள் அந்தக் கறுப்புக்குத்தான் காசு கொடுப்பார்கள் என்று புத்தகத்தில் படித்திருந்தேன். சொல்லவில்லை. வீட்டில் அமைதி முக்கியம்.

முதல் காசைக் கையில் எடுத்ததும் மச்சான் துள்ளினார். போனில் பார்த்து அரபு எண்களைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். அவர்களுடைய ஐந்து நம்முடைய சைபர் போல உருண்டையாக இருக்கும்; சைபரோ வெறும் புள்ளி. ஆறு நம் ஏழைப் போல நிற்கும். எழுத்துதான் வலமிருந்து இடம், எண்ணை நம்மைப் போல இடமிருந்தே படிக்க வேண்டும். இத்தனையும் சரியாகச் செய்து அவர் அறிவித்தார்: "1400! தைமூர் காலத்துக் காசு!" மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். காசின் மறுபுறம் ஒரு பேரீச்சை மரமும் அதன் கீழ் குறுக்காக இரண்டு வாளும். சவூதி அரசின் சின்னம். 1400 என்பது இஸ்லாமிய ஹிஜ்ரி ஆண்டு. அதற்கு 354 நாள்தான் என்பதால் 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்ட வேண்டும். கூட்டினால் 1980. பெரிய மாமா ரியாத்திலிருந்து முதல் லீவுக்கு வந்த வருஷம். சட்டைப் பையில் மிஞ்சிய சவூதிச் சில்லறை, ஹலாலா.

"சரி, அடுத்தது திப்பு" என்றார் மச்சான், சற்றும் தளராமல். திப்புவின் செப்புக் காசில் யானை இருக்கும். நம் காசில் யானை இல்லை, இங்கிலீஷ்காரன் சிங்கம் நின்றுகொண்டிருந்தது. மறுபக்கம் பாரசீக எழுத்தில் இருபது காசு நாலு ஃபலூஸ் என்று கணக்கு. 1808-இல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் அச்சடித்து மெட்ராஸ் மாகாணத்துக்கு அனுப்பிய காசு. அதே காசுகளை ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகிலேயே மூழ்கியது. மூழ்காமல் வந்தது எங்கள் அஞ்சறைப் பெட்டியில் மூழ்கிவிட்டது.

மிஞ்சியது ஒரு வெள்ளி ரூபாய். கனமானது, ஏறக்குறைய ஒரு தோலா. பக்கத்து வீட்டு பாய் குர்ஆன் சரளமாக ஓதுவார் என்று அவரிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எழுத்து தெரியுது சார். ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உட்கார்ந்திருக்கு. பாஷையும் வேற." அவர் சொன்னது சரி. நம் பக்கத்துப் பழைய ரூபாய்களில் எழுத்துதான் அரபு, மொழி பெரும்பாலும் பாரசீகம். அவர் உதவியோடு 'ஸர்ப்' என்ற சொல்லைத் தேடிப் பிடித்தேன். அச்சடிக்கப்பட்டது என்று பொருள். அதையொட்டித்தான் ஊர்ப் பெயர் வரும். வந்தது: ஆற்காடு. இன்னொரு பக்கம் முகலாய அரசர் இரண்டாம் ஆலம்கீர். ஹிஜ்ரி 1172. ஆட்சியின் ஆறாம் ஆண்டு.

மகிழ்ச்சியில் வரலாற்றைப் புரட்டினால், அத்தனையும் பொய். ஓரத்தில் சின்னதாக ஒரு தாமரை முத்திரை. அது மெட்ராஸ் அக்கசாலையின் அடையாளம். (இதே ஆற்காட்டு ரூபாயைப் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களும் பிறை முத்திரையோடு அடித்தார்கள்.) ஆக, ஊர் ஆற்காடு இல்லை. இரண்டாம் ஆலம்கீர் 1759-லேயே கொலையுண்டு போனார். உயிரோடு இருந்தபோதும் டெல்லியில் அதிகாரம் வஜீரிடம்தான். அவர் செத்த பிறகும், 1835-இல் வில்லியம் மன்னர் தலை போட்ட ரூபாய் வரும்வரை, கம்பெனி அவர் பெயரிலேயே காசு அடித்தது. ஆண்டு மட்டும் ஆறைத் தாண்டவே இல்லை. மக்களுக்குப் பழகிய காசு அது. பெயரை மாற்றினால் வட்டக் கழிவு கேட்பார்கள். வெள்ளி ஒன்றுதான் அதில் நிஜம்.

எனக்கு ஆலம்கீர் மீது அப்போது ஏற்பட்ட பாசத்தைச் சொல்லி முடியாது. எங்கள் வீட்டு ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் நான். கரண்ட் பில், கேஸ் கனெக்ஷன், தண்ணி வரி எல்லாம் என் பெயரில். புகைப்படம் கூட நான் தலைமயிரோடு இருந்த காலத்தியது, மாற்றவில்லை. ஆட்சி யாருடையது என்று பால்காரருக்கும் தெரியும். பழகிய பெயர், மாற்றினால் அலைச்சல் என்று விட்டுவைத்திருக்கிறார்கள்.

"விலை என்ன போகும்?" என்று வஜீர், அதாவது மனைவி, கேட்டாள். ஏராளமாக அடித்த காசு, அதனால் அபூர்வம் என்று சொல்ல முடியாது, விபூதி போட்டுத் தேய்த்ததில் அதிலும் கொஞ்சம் போயிருக்கும் என்றேன். கடைசிப் பகுதியை மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். மச்சான் பங்கு கேட்கவில்லை. ஹலாலாவை மட்டும் ஞாபகார்த்தமாக எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

உங்கள் வீட்டிலும் இப்படி முடிச்சு இருந்தால் புளியையும் விபூதியையும் எட்டவே வையுங்கள். முன்பக்கம் பின்பக்கம் படம் எடுங்கள், எடை பாருங்கள், 'ஸர்ப்' எங்கே என்று தேடுங்கள். மண்ணைத் தோண்டிக் கிடைத்தது என்றால், மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் போனாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். அஞ்சறைப் பெட்டியில் கிடைத்தால் மாமியாருக்குத் தெரிவித்தால் போதும்.