ரிலீவர் வரலியா மருமவனே?

வா மருமவனே, ஒக்காரு. ஒக்காருன்னுதான் சொன்னன், சாயச் சொல்லல.

கல்பாக்கம் அணுமின் நிலையத்துல டிரெய்னியா எடுத்துட்டாங்களாமே, மந்தாரக்குப்பம் டீக்கடை பூரா அதே பேச்சு. சந்தோசம். அதோட இன்னொரு பேச்சும் காதுல வுழுந்துச்சு. "சி ஷிப்ட் முடிச்ச கையோட ஏ ஷிப்டையும் பாத்துட்டு வர்ற ஆளு நானு, அணு ஒலையெல்லாம் நமக்குத் தூசு"ன்னு நாலு பேரு நடுவுல சொன்னியாம். சொன்னவன் இட்டுக்கட்டிச் சொல்றான்னு நெனச்சன். இப்ப ஒன் கண்ணப் பாத்தா இட்டுக்கட்டல போலருக்கு.

நான் புத்தி சொல்ல வரலப்பா. எனக்கு என்னா தெரியும்? முந்திரிக் கொல்லையில கொட்ட பொறுக்குன கெழவன். ஆனா இந்தப் பக்கத்துல பொறந்து வளந்தவனுக்கு ஒண்ணு தெரியும். ரஷ்யாக்காரன் ஒத்தாசையில 1962-ல நெய்வேலியில மொத யூனிட் ஓட ஆரம்பிச்ச நாள்லேருந்து, இங்க பாதி ஊட்டுக்கு ராத்திரிதான் பகலு. புருசன் பகல்ல தூங்கறான்னு குக்கர் விசில் போடாம சோறாக்குன பொம்பளைங்க ஊரு இது. அதனால தூக்கத்தப் பத்திப் பேச எனக்குக் கொஞ்சம் அருகதை உண்டு.

நீ இத்தினி நாளா வேல செஞ்ச கம்பெனி பேரு நமக்கு வேணாம். அங்க ஒனக்கு நல்ல பேரு. யாரு லீவு போட்டாலும் ஒன்னையத்தான் தேடுவாங்க. "தம்பி, ரிலீவர் வரல, கொஞ்சம் பாத்துக்க"ன்னு சூப்பர்வைசரு தோளத் தட்டுவாரு. கொஞ்சங்கறது எட்டு மணி நேரம். நீயும் பல்லக் காட்டிக்கிட்டு நிப்ப. ஓ.டி. துட்டுல வண்டி வாங்குன, தங்கச்சிக்குக் கம்மல் வாங்குன, எல்லாஞ் சரி. அந்தத் தங்கச்சி புள்ளைக்குக் காது குத்துனாங்களே, அது ஞாபகம் இருக்குதா? ஒனக்கு இருக்காது. நீ தூங்கிட்ட. எங்களுக்கு இருக்குது.

தாய்மாமன் மடியில புள்ள. டபுள் டூட்டி முடிச்சு நேரா கோயிலுக்கு வந்து, காக்கிப் பேண்டு மேல வேட்டியச் சுத்திக்கிட்டு ஒக்காந்திருக்க. ஆசாரி காதத் தடவி, மையில புள்ளி வெச்சு, கம்பியக் கையில எடுக்குறாரு. ஒன் தல மெள்ளச் சாயுது. புள்ள மடியிலேருந்து வழுக்குது. கம்பி ஏறுன ஒடனே அது போட்ட சத்தத்துல நீ திடுக்குனு முழிச்சு, "எந்த யூனிட்டு டிரிப்பாச்சு?"ன்னு கத்துன பாரு, பூசாரி மணிய அடிக்கறத நிறுத்திட்டாரு. நல்ல வேளை, ஆசாரி ராத்திரி நல்லாத் தூங்கி எழுந்து வந்திருந்தாரு. அவரும் டபுள் டூட்டி பாத்துட்டு வந்திருந்தா ஒந்தங்கச்சி புள்ள கம்மல மூக்குல போட்டிருக்கும்.

சிரி, சிரி. மடியில புள்ள இருந்ததால சிரிக்கிறோம்.

இப்ப நீ போற எடம் வேற மாரி. நம்ம பழுப்பு நிலக்கரி கூட லேசுப்பட்டது இல்ல, குமிச்சுப் போட்டா தானா பொகையும், தண்ணியப் பீச்சிக்கிட்டே இருக்கணும். ஆனா பாய்லருக்கு நிலக்கரிய நிறுத்துனா நெருப்பு அடங்கிடும். அணு ஒலைய நிறுத்துனாலும் அடங்காதாம்டா. நிறுத்துன அந்த நொடியில, ஓடுறப்ப இருந்த சூட்டுல நூத்துக்கு ஆறு ஏழு பங்கு உள்ளயே கெடக்குமாம். அது கொறையுற வரைக்கும் தண்ணி சுத்திக்கிட்டே இருக்கணும். 2011-ல ஜப்பான்காரன் ஃபுகுஷிமாவுல ஒலைங்க நெலநடுக்கத்துக்கு ஒழுங்கா நின்னுடுச்சு. கடல் பொங்கி வந்து கரண்டு போயி தண்ணி சுத்தாமப் போனதுதான் வென. எம் பேத்தி போன்ல படிச்சுக் காட்டுனா.

அப்ப என்னா அர்த்தம்? அங்க நாற்காலி காலியா இருக்கவே கூடாது. அடுத்த ஆளு வர்ற வரைக்கும் இருக்கறவன் எழுந்து போவ முடியாது. இந்த நல்ல விதியிலதாம்ப்பா டபுள் டூட்டிங்கற கெட்ட வழக்கம் பூந்துக்குது. நாற்காலி காலியா இருக்கக் கூடாதுன்னு எழுதனவன், அதுல இருக்கறவன் முழிச்சிருக்கானான்னு பாக்கறதுக்கும் சேத்து எழுதியிருக்கணும் இல்ல?

1948-ல தொழிற்சாலைச் சட்டம் போட்டாங்க. வாரத்துக்கு 48 மணி, நாளைக்கு 9 மணி, அஞ்சு மணி நேரத்துக்கு ஒருக்கா அரமணி ஓய்வு, மிச்ச நேரம் செஞ்சா ரெட்டச் சம்பளம். அழகான சட்டம். அதுலயே 64-ம் பிரிவுன்னு ஒண்ணு. ராப்பகலா ஓடுற ஆலையில அடுத்த ஷிப்டு ஆளு வரலன்னா, இருக்கறவனே அதையும் சேத்துப் பாக்கலாம், அதுக்கு மாநில அரசு விதி போட்டுக்கலாம்னு ஒரு சந்து. ஆத்திர அவசரத்துக்குன்னு வெச்ச சந்து. நம்ம ஆளுங்க அதுல லாரி வுட்டாங்க. இப்ப பழைய சட்டங்களயெல்லாம் சேத்து நாலு தொகுப்பாக் கட்டிட்டாங்க. கட்டட்டும். ஆளு பத்தலன்னா எந்தத் தொகுப்பு வந்து ஷிப்டு பாக்கும்?

நடுவுல 2023 ஏப்ரல்ல நம்ம சட்டசபையில பன்னண்டு மணி நேர வேலைக்கு வழி வுடற திருத்தம் வந்துச்சே, படிச்சியா? 21-ந்தேதி குரல் வாக்கெடுப்புல நெறவேறுச்சு. கூட்டணிக்காரங்களே எழுந்து வெளிய போனாங்க. மூணாம் நாளு நிறுத்தி வெச்சாங்க. மே 1 அண்ணைக்கி, மெட்ராசுல மே தினப் பூங்காவுல, திரும்ப வாங்கிட்டோம்னு முதலமைச்சரு ஸ்டாலின் சொன்னாரு. சிங்காரவேலர் 1923-ல அதே மெட்ராசுல மொத மே தினங் கொண்டாடி சரியா நூறு வருசம். அவுரு இருந்திருந்தா நல்லாச் சிரிச்சிருப்பாரு. அந்தத் திருத்தத்துக்கு ஊரே கூடி எதுத்துச்சு. நீ அதே மாசம் பதினாறு மணி நேரம் பாத்துட்டு வந்து, டீக்கடையில நின்னு அந்தச் சட்டத்தத் திட்டுன. திட்டிக்கிட்டே தூங்குன.

கோவப்படாத. இரு, வெல்லம் போட்டுக் காப்பி வருது.

ஆஸ்திரேலியாவுல ரெண்டு பேரு 1997-ல ஒரு சோதன செஞ்சு, 'நேச்சர்'னு ஒரு பெரிய பத்திரிகையில எழுதுனாங்க. பதினேழு மணி நேரம் தூங்காம இருக்கறவனோட கையும் புத்தியும், ரத்தத்துல 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் சாராயம் ஏறுனவனோடது மாரியே ஆயிடுதாம். நம்ம நாட்டுல வண்டி ஓட்டறவனுக்கு 30-ஐத் தாண்டுனாலே கேசு. ஒன் கணக்கப் பாரு. சி ஷிப்டுக்குன்னு மத்தியானம் பன்னண்டுக்கு எழுந்திருக்கற. ராத்திரி பத்துக்கு உள்ள போற. காலையில ஆறுக்கு வுடாம மறுபடி ரெண்டு மணி வரைக்கும். இருபத்தாறு மணி நேரம். அதுக்கப்புறம் விருத்தாசலம் ரோட்டுல வண்டியில வர்ற. போலீசு நிறுத்தி ஊதச் சொல்றான், நீ நெஞ்ச நிமித்திக்கிட்டு ஊதற, மிசினு பூச்சியம் காட்டுது. "பாத்தீங்களா சார், நான் தொடவே மாட்டன்"ங்கற. தொட்டவன் கூட அன்னிக்கு ஒன்ன வுட நேரா ஓட்டிக்கிட்டுப் போயிருப்பான்.

அமெரிக்காக்காரனப் பத்தி நாம ஆயிரம் சொல்லலாம், இதுல அவன் பட்டுத் தெரிஞ்சிக்கிட்டவன். பென்சில்வேனியாவுல பீச் பாட்டம்னு ஒரு அணுமின் நெலயம். அங்க கண்ட்ரோல் ரூம்லயே ஆளுங்க தூங்குறாங்கன்னு தெரிஞ்சு 1987 மார்ச் 31-ல அரசாங்க ஆணையம் இழுத்து மூடச் சொல்லிடுச்சு. மறுபடி ஓட ரெண்டு வருசம் ஆச்சு. அப்பவும் பாடம் ஏறல. அதே எடத்துல 2007-ல, காண்ட்ராக்ட்டு காவக்காரங்க வரிசையா தூங்கறத கூட இருந்த காவக்காரனே படம் புடிச்சிட்டான். ஆனா அவன் விதியில கையில எண்ணிக் குடுத்திருக்கான்: 24 மணி நேரத்துல 16-க்கு மேல கூடாது, 48 மணி நேரத்துல 26-க்கு மேல கூடாது, ஏழு நாள்ல 72-க்கு மேல கூடாது, ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவுல பத்து மணி நேரமாவது இடவெளி. 2008-ல விதியாச்சு. என்னயக் கேட்டா பதினாறே அதிகந்தான். ஆனா பதினாறுன்னு ஒரு கோடு இருக்குதே. ஒனக்குக் கோடும் இல்ல, ஒன் சூப்பர்வைசருக்கு எண்ணவும் தெரியாது.

செர்னோபில் கதையும் ஷிப்டு கதைதான். 1986 ஏப்ரல் 25 பகல்ல செய்ய வேண்டிய சோதன. கீவ் ஊரு கரண்டு கட்டுப்பாட்டு அறையிலேருந்து, "இப்ப மின்சாரம் வேணும், கொஞ்சம் தள்ளி வையுங்க"ன்னாங்க. தள்ளிக்கிட்டே போயி, அதுக்குன்னு தயார் பண்ணாத ராத்திரி ஷிப்டு தலையில வுழுந்துச்சு. மணி 1:23-க்கு வெடிச்சுது. ஒலையோட அமைப்புலயே கோளாறு இருந்துச்சு, அத மறைக்கக் கூடாது. ஆனாலும் பகல் ஆளுக்குச் சமைச்சத நடுராத்திரி ஆளுக்குப் பரிமாறுனாங்களா இல்லியா? அமெரிக்காவுல திரீ மைல் ஐலண்டு, 1979, அதுவும் விடிகாலம் நாலு மணி. ராத்திரி ரெண்டுலேருந்து ஆறு வரைக்கும் ஒடம்புச் சூடு எறங்கி, மூள "போதும்பா"ங்கற நேரம். சம்பளம் ரெட்டிப்பாக் குடுத்தாலும் அந்த நேரத்துல மூள ரெட்டிப்பா வேல செய்யாது.

நம்ம பக்கத்துலயே 2020-ல ரெண்டாவது அனல் மின் நிலையத்துல மே 7-ந்தேதியும் ஜூலை 1-ந்தேதியும் பாய்லர் வெடிச்சுது. ஜூலையில அன்னிக்கே ஆறு உசுரு, அப்புறம் ஆஸ்பத்திரியில மேலும் மேலும். அதுக்குத் தூக்கம் காரணம்னு நான் சொல்லல, சொல்லவும் கூடாது. அது பகல்ல நடந்துச்சு. எதுக்கு எடுத்தன்னா, ஆபத்துக்கு மொதல்ல யாரு பக்கத்துல நிக்கிறான்னு பாத்துக்க. காண்ட்ராக்ட்டு ஆளுங்க அதுல எத்தினி பேரு. அவங்களுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல எழுதற ரெஜிஸ்டரு தனி. வேற எவன் பேருலயோ கையெழுத்துப் போட்டுட்டு இன்னொரு ஷிப்டு பாக்கற வித்தைய ஒனக்கு நான் சொல்லித் தரணுமா? தாளப் பாத்தா ரெண்டு பேரு எட்டெட்டு மணி நேரம். ஆளப் பாத்தா ஒருத்தன் பதினாறு மணி நேரம். ஆய்வாளரு வந்தா தாளத்தான் பாப்பாரு.

கல்பாக்கத்துல அப்பிடிச் செய்யாத. அங்க தொழிலாளரு பாதுகாப்பப் பாத்துக்கறதே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியந்தான், 1983-லேருந்து இருக்கறாங்க. கண்ட்ரோல் ரூம்ல ஒக்காரணும்னா பரிட்ச எழுதி லைசென்ஸ் வாங்கணும், அதப் புதுப்பிச்சுக்கிட்டே இருக்கணும். அந்தப் பரிட்சைக்கு நீ படிப்ப, தெரியும். நான் சொல்றது பரிட்சையில வராதது.

போன மொத வாரத்துல, காண்டீன் எங்க, ஓ.டி. எவ்ளோன்னு கேக்கறதுக்கு முன்னாடி ஒண்ணக் கேளு. ஒரு ஷிப்டுல ரெண்டு பேரு காச்சல்ல படுத்தா யாரு வருவாங்க? அதுக்குப் பேரு சொல்லி பதில் சொன்னாங்கன்னா நல்ல எடம். "பாத்துக்கலாம் தம்பி"ன்னா, அந்தத் தம்பி நீதான். ஷிப்டு மாத்தறப்ப காலை, மத்தியானம், ராத்திரின்னு முன்னால போற மாரிக் கேளு. பின்னால தள்ளுனா ஒடம்பு பின்னாலயே வராது. தூக்கம் வந்தா மறைக்காத, பக்கத்துல இருக்கறவன்கிட்ட வாய வுட்டுச் சொல்லு. வெக்கமா இருந்தா காதுகுத்த நெனச்சுக்க. ராத்திரி ஷிப்டு முடிஞ்சு கடற்கரை ரோட்டுல வண்டி ஓட்டாத, பஸ்சுல ஏறு. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி போடு. நாளைக்குக் கட்டிக்கப் போற பொண்ணுகிட்ட, பகல்ல குக்கர் வேணாம்னு கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிடு, பின்னாடி சொன்னா கேக்க மாட்டா.

"தம்பி, ரிலீவர் வரல, கொஞ்சம் பாத்துக்க"ன்னு அங்கயும் எவனாவது தோளத் தட்டுனா பல்லக் காட்டாத. "ரிசர்வு ஆளக் கூப்புடுங்க சார், அதுவரைக்கும் இருக்கன், நான் இத்தினி மணி நேரமா முழிச்சிருக்கன்னு நோட்டுல எழுதிடுங்க"ன்னு சொல்லு. எழுதச் சொன்னா பாதிப் பேரு கையத் தோளுலேருந்து எடுத்துடுவாங்க.

இன்னொண்ணு. தீவாளிக்கு மாமனுக்கு ரெண்டு பட்டு வேட்டி எடுத்தாறன்னு எல்லாருகிட்டயும் சொல்லி வெச்சிருக்கியாமே. ஒண்ணு போதும் மருமவனே. அதையும் ஓ.டி. பாக்காத மாசத்துச் சம்பளத்துல எடு. டபுள் டூட்டி வேட்டியக் கட்டிக்கிட்டுத் தெருவுல போனா, எனக்கே கொட்டாவி வரும்.