43 இஞ்ச் கணக்குப்புள்ள

வாடா தம்பி, குந்து. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் பூரா உன் பேச்சாத்தான் கீது. ஆங்கிள் கடைக்காரன் சொல்றான், ஷீட்டு வெட்டுறவன் சொல்றான், எடைமேடை பையன் கூட சொல்றான்: "தாத்தா, உன் தங்கச்சி பேரன் பில்லு போடுறதுக்கு 43 இஞ்ச் டிவிய வாங்கி மேஜை மேல வெச்சுக்கீறான்." எனக்கு நெஞ்சு நிமிந்துபோச்சுடா. நம்ம வம்சத்துல இவ்ளோ பெரிய கணக்குப்புள்ள இதுக்கு முன்னாடி பொறந்ததில்ல. பகல்ல பில்லு, பொழுது சாஞ்சா கிரிக்கெட்டு. முதலாளி வாசல்ல நிக்கும்போதே நீ இன்னா பாக்குறேன்னு அவருக்குத் தெரிஞ்சுரும். உள்ள வர்ற சிரமம் கூட அவருக்கு இல்ல.

நானே புதுசா கண்டுபுடிச்சேன்னு மட்டும் மார் தட்டிக்காதே. ரிச்சி தெருவுல ஓசி டீ குடிச்சுக்கினே நான் படிச்ச படிப்பு கொஞ்சம் கீது. 1982ல சீமையில இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்னு ஒரு கம்ப்யூட்டர் வந்துச்சு. அதுக்கு தனியா மானிட்டரே குடுக்க மாட்டான். வீட்டு டிவியோட ஆன்டெனா ஓட்டையில ஒயரை சொருகி, சேனலைத் திருகுற மாதிரி திருகி கம்ப்யூட்டரைப் புடிக்கணும். அப்பால மானிட்டருன்னு தனியா ஒண்ணை நம்ம தலையில கட்டுனானுங்க. நீ நாப்பது வருசம் பின்னாடி போய்க்கீறே, அவ்ளோதான்.

நம்ம ஊரு கதை அதைவிட நல்லாருக்கும். 2006ல அண்ணா பொறந்தநாளு, செப்டம்பர் 15. கலைஞர் இலவச கலர் டிவி திட்டத்தை ஆரம்பிச்சாரு. வீட்டுக்கு ஒரு 14 இஞ்ச் பொட்டி. 2011ல அதே செப்டம்பர் 15. அம்மா பசங்களுக்கு இலவச லேப்டாப்பு திட்டத்தை ஆரம்பிச்சாங்க. ஒரே வீட்டுல ரெண்டும் வந்து குந்திக்கிச்சு. ரெண்டையும் சேத்துவெக்கிற ஒயரை மட்டும் எந்தக் கட்சியும் தேர்தல் அறிக்கையில போடல. போட்டிருந்தாலும் அந்தப் பொட்டி மொத்தமே ஐந்நூத்தி சொச்சம் வரிதான் காட்டும். அதுல எக்செல்ல தொறந்தா எறும்பு ஊர்ந்த மாதிரி கூடத் தெரியாது.

சரி, விசயத்துக்கு வா. போன வாரம் சுருள் கம்பிக்கு இ-வே பில்லு போட்டியே, இன்னா பண்ணே? சுருள் கம்பிக்கு கோடு 7213. வந்த இன்வாய்ஸை அந்த டிவியில பாத்து நீ அடிச்சது 7218. அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுடா! துருப்புடிச்ச கம்பிய ஒரே தட்டுல எவர்சில்வரா மாத்திட்டே. சித்தருங்க பித்தளையத் தங்கமாக்க ஆயுசு பூரா அலைஞ்சாங்க, நீ டீ குடிக்கிற கேப்புல முடிச்சுட்டே. லாரி மணலி ரோட்டுல ஏறுறதுக்குள்ள எடைமேடை பையன் பாத்துச் சொன்னதால உன் மானம் தப்பிச்சுது.

உன் கண்ணு மேல தப்பில்ல. டிவியோட சுபாவம் அது. பொண்ணு பாக்க வர்றாங்கன்னா பவுடரை அள்ளி அப்புற அத்தை ஒருத்தி எல்லா வீட்டுலயும் இருப்பாளே, அவளேதான் டிவி. வந்த படத்தை வந்தபடி காட்ட அவளுக்கு மனசு வராது. ஷார்ப்னஸ்னு ஒண்ணு கீது பாரு, அது எழுத்துக்கு சுத்தியும் வெள்ளையா கோடு இழுக்கும். சினிமா மூஞ்சிக்கு அது அழகு, 3க்கு அது வாயை மூடி 8 ஆக்கிரும். அதை முதல்ல கீழ இறக்கு.

அப்பால கலரு. சினிமாவுக்கு வர்ற சிக்னல்ல வெளிச்சம் மட்டும் புள்ளிக்குப் புள்ளி வரும், கலரு நாலு புள்ளிக்கு ஒண்ணுதான் வரும். நடிகை சேலையில அது தெரியாது. நெறைய டிவி கம்ப்யூட்டர் படத்தையும் அதே மாதிரி கலரைக் கொறச்சுக் கலக்கிரும். நீ கடன் பாக்கிய சேப்பு எழுத்துல போட்டுவெச்சுக்கீறியே, அது கசங்கித் தெரியறது அதனாலதான். சேப்புல எழுதுனா கடன்காரன் பயந்துருவான்னு நெனச்சே, அவன் பயப்படல, உனக்குத்தான் படிக்க வரல. ஹெச்டிஎம்ஐ இன்புட்டுக்குப் பேரு மாத்துற இடம் டிவியில இருக்கும். அங்க போயி 'பிசி'ன்னு வெய்யி. நெறைய டிவி அந்தப் பேரைப் பாத்ததும் பவுடர் டப்பாவை மூடி வெச்சிரும்.

பில்லு அடியில கூட்டுத்தொகை தெரியலன்னு புலம்புனியே, அதுவும் பரம்பரை வியாதிதான். டியூப்பு டிவி காலத்துல கரண்டு ஏறி எறங்குனா படம் சுருங்கும், விரியும். ஓரத்துல கருப்பு தெரியக் கூடாதுன்னு படத்தையே கொஞ்சம் பெருசாக்கி, ஓரத்தை சட்டத்துக்குள்ள ஒளிச்சு வெச்சானுங்க. டியூப்பு போயி பலகை டிவி வந்துச்சு, பழக்கம் போகல. சினிமாவுல ஓரத்து மரத்துல பாதி எலை போனா யாரு கேக்கப் போறா? உனக்கு ஓரத்துலதான் துட்டே கீது. எல்ஜியில 'ஜஸ்ட் ஸ்கேன்', சோனியில 'ஃபுல் பிக்சல்', சாம்சங்ல ஸ்கிரீனுக்கு ஃபிட் பண்றதுன்னு இருக்கும். தேடிப் போடு.

மவுசு குடிகாரன் கணக்கா தள்ளாடுதுன்னா 'கேம் மோடு' போடு. முதலாளி கேட்டா கேம் இல்ல, கணக்குன்னு சொல்லு. நம்ப மாட்டாரு, அது உன் தலையெழுத்து. பழைய ஹெச்டிஎம்ஐ 1.4 லேப்டாப்பா இருந்தா 4கே படம் செகண்டுக்கு 30 தடவைதான் வரும், அதுலயும் தள்ளாடும். 2.0 இருந்தா 60.

எனக்கு இந்த வம்பே இல்ல பாரு. கம்பி விட்டத்தை அதாலயே பெருக்கி 162ஆல வகுத்தா மீட்டர் எடை கைக்கு வந்துரும். 10 எம்எம்மா? 617 கிராம். எந்த சினிமாவையும் எனக்கு சிபாரிசு பண்ணாம விடை சொல்ற மானிட்டர் என் மண்டை.

உன்னைக் கிண்டல் பண்ணாலும் நீ வாங்குனதுல பாதி புத்தி கீதுடா. 43 இஞ்ச் 4கேல ஒரு இஞ்சுக்கு நூறு புள்ளிக்கு மேல வரும், 24 இஞ்ச் ஃபுல் ஹெச்டி மானிட்டர்ல 92தான். மேஜைய மட்டும் செவுத்துலேர்ந்து தள்ளிப் போடு, மூணடி எட்ட குந்து. எதிர்க்கடைக்காரன் இருக்கானே, உன்னைப் பாத்துட்டு வீட்டுல கெடக்குற 32 இஞ்ச் ஹெச்டி ரெடிய தூக்கினு வரப்போறானாம். அது 1366க்கு 768, இஞ்சுக்கு 49 புள்ளிதான். அதுல கணக்கு பாக்காதே, பொண்டாட்டி சீரியல் பாக்கட்டும்னு நான் சொன்னேன்னு அவன்கிட்ட சொல்லு.