குருவி தின்ற மிச்சம்

கனடா ஒயினின் சரித்திரம் ஒரு புரளியில் தொடங்குகிறது. கி.பி. 1000 வாக்கில் லெய்ஃப் எரிக்சன் என்ற வைக்கிங் வட அமெரிக்கக் கரையில் வந்து இறங்கினான். கூட வந்த டிர்கிர் என்ற ஜெர்மானியர் ஒருநாள் காணாமல் போனார். பிறகு கண்ணை உருட்டிக்கொண்டு, யாருக்கும் புரியாத பாஷையில் உளறியபடி திரும்பி வந்தார். திராட்சையைப் பார்த்தாராம். வெறுமனே பார்த்தவர் அப்படியா வருவார் என்று யாரும் கேட்கவில்லை. லெய்ஃப் அந்த மண்ணுக்கு வின்லாண்ட் என்று பெயர் சூட்டிவிட்டான். வைக்கிங்குகள் குடியிருந்த தடயம் நியூஃபவுண்ட்லாந்தின் லான்ஸ் ஓ மெடோஸில் கிடைத்திருக்கிறது; அங்கே திராட்சை விளையாது. ‘பேருந்து நிலையத்துக்கு மிக அருகில்’ என்று மனை விற்பவர்களின் முப்பாட்டன் லெய்ஃப்தான்.

அடுத்து 1535-இல் பிரெஞ்சுக்காரர் ழாக் கார்த்தியே வந்தார். செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் காட்டுத் திராட்சை மண்டிக் கிடந்த தீவு ஒன்றைப் பார்த்ததும் மதுக்கடவுள் பாக்கஸின் பெயரை வைத்தார். கொஞ்ச நாளில் ராஜா மகன் ஞாபகம் வந்து, அதை ஆர்லியான் தீவு என்று மாற்றிவிட்டார். கடவுளைவிட வாரிசு முக்கியம் என்பதில் எல்லா ஊரும் ஒரே ஊர்தான்.

திராட்சை இருந்ததே தவிர, அதன் ஒயினைக் குடிக்க முடியவில்லை. அந்த மண்ணின் லப்ருஸ்கா வகையில் ஒரு கஸ்தூரி நெடி வரும். ஒயின்காரர்கள் அதற்கு நரி வாடை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கதையில் வரும் நரிக்குத் திராட்சை எட்டவில்லை, அதனால் புளித்தது. கனடாக்காரர்களுக்குக் கைக்கெட்டிய திராட்சைக்குள்ளேயே நரி உட்கார்ந்திருந்தது.

1916-இல் ஒன்டாரியோவில் மதுவிலக்கு வந்தது. விஸ்கி கூடாது, பீர் கூடாது. உள்ளூர்த் திராட்சையில் செய்த ஒயின் மட்டும் பரவாயில்லை. திராட்சை விவசாயிக்கு ஓட்டு உண்டு என்பதைத் தவிர இதில் வேறு தத்துவம் எதுவும் இல்லை. வேறு எதுவும் கிடைக்காதபோது நரியென்ன, நாயென்ன? ஒயின் ஆலைகள் மழைக்காலக் காளான் மாதிரி முளைத்தன.

1927-இல் மதுவிலக்கு போய் அரசுக் கடை வந்தது. கடையென்றால் பாட்டிலைக் கண்ணில் காட்டமாட்டார்கள். பர்மிட் புத்தகத்தை நீட்ட வேண்டும், சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும், வாங்கியதைப் புத்தகத்தில் பதிவார்கள். ரேஷன் கடையில் சர்க்கரை வாங்குகிற அதே அடக்கத்தோடு ஒரு மாகாணமே போதைக்கு வரிசையில் நின்றது. புதிய ஒயின் ஆலைக்கு உரிமமா? அரை நூற்றாண்டு கழித்து வாருங்கள்.

அந்த இடைவெளியில் பிறந்த குழந்தைதான் பேபி டக். 1971-இல் ஆண்ட்ரெஸ் நிறுவனம் விட்ட இனிப்பான, நுரை பொங்கும், ஏழு சதவீதப் பானம். கோலிசோடா கல்யாணம் பண்ணிக்கொண்ட மாதிரி இருக்கும். சில வருஷங்களிலேயே நாட்டில் அதிகம் விற்ற ஒயின் அதுதான். இன்றைக்கு நாற்பது டாலர் பினோ நுவாரை முகர்ந்து கண்மூடும் பெரியவர்கள் பலருக்கு அதுதான் பால்ய சிநேகிதம். கேட்டால் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

நயாகராவில் டொனால்ட் ஜிரால்டோ என்பவர் செடி நாற்று விற்றுக்கொண்டிருந்தார். ஆஸ்திரியாவிலிருந்து வந்த கார்ல் கைசர் அவரிடம் கொடி வாங்கப் போனார். போன இடத்தில் கூட்டு சேர்ந்து இனிஸ்கிலின் என்று ஓர் ஆலைக்கு மனுப் போட்டார்கள். 1975-இல் உரிமம் கிடைத்தது.

ஜெர்மனியில் ஐஸ்வைன் என்று ஒன்று உண்டு. பழத்தைப் பறிக்காமல் கொடியிலேயே விட்டு, உறைந்த பிறகு பறித்து, உறைந்தபடியே பிழிய வேண்டும். தண்ணீர் பனிக்கட்டியாக உள்ளேயே தங்கிவிடும். சர்க்கரையும் புளிப்பும் சுண்டிய சாறு மட்டும் சொட்டுச் சொட்டாக இறங்கும். இதற்குக் குளிர் மைனஸ் ஏழெட்டு டிகிரியாவது வேண்டும். ஜெர்மனியில் அது சில வருஷம் வரும், சில வருஷம் வராது. கனடாவில் வராமல் இருந்தால்தான் செய்தி. சக்கரம் சிக்கும், குழாய் வெடிக்கும் என்று தலைமுறை தலைமுறையாகத் திட்டித் தீர்த்த பனிக்கு ஒரு வேலை இருக்கிறது என்பது கைசருக்குத் தோன்றியது.

1983-இல் விடால் என்ற வகைத் திராட்சையைப் பறிக்காமல் விட்டுவைத்தார். பெரும்பாலோர் அறுவடை முடித்துப் போர்த்திக்கொண்டு தூங்க, இவர் குளிருக்காகக் காத்திருந்தார். குளிருக்கு முன்னால் பறவைகள் வந்தன. சுற்று வட்டாரத்தில் பழுத்த பழம் மிஞ்சியிருந்த ஒருசில தோட்டங்களில் இவருடையதும் ஒன்று. மொத்தத் தோட்டமும் பந்தி முடிந்த இலைபோலக் கிடந்தது. அடுத்த வருஷம் வலை கட்டினார். 1984-இல் ஐஸ்வைன் வந்தேவிட்டது.

1988-இல் அமெரிக்காவோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம். கலிஃபோர்னியா ஒயின் வந்தால் நரி தாங்காது என்று அரசாங்கமே காசு கொடுத்து பழைய கொடிகளைப் பிடுங்கச் சொன்னது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூன்றில் இரண்டு பங்கு கொடி போயிற்று. எழவு வீடு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்தக் குழிகளில்தான் ஷார்டொனே, ரீஸ்லிங் என்ற ஐரோப்பிய வகைகள் ஏறின. அங்கே ஒகனகன் பள்ளத்தாக்கின் மிஷன் ஹில் ஷார்டொனே 1994-இல் லண்டன் போட்டியில் கோப்பை வாங்கியபோது, நடுவர்கள் நம்பாமல் மறுபடி குடித்துப் பார்த்தார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள். ஓசியில் இன்னொரு கிளாஸ் என்றால் நானும் நம்பியிருக்கமாட்டேன்.

அதற்கு முன்பே 1991-இல், பிரான்ஸின் போர்தோவில் நடந்த வினெக்ஸ்போ என்ற ஒயின் கண்காட்சியில் இனிஸ்கிலினின் 1989 விடால் ஐஸ்வைனுக்குப் பெரிய பரிசு கிடைத்திருந்தது. பரிசு கொடுத்த ஐரோப்பா, அதே ஐஸ்வைனைத் தன் கடைகளில் விற்க மட்டும் விதிமுறை காட்டித் தடுத்தது. தடை நீங்க 2001 ஆயிற்று. மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, பத்து வருஷம் வாசலிலேயே நிற்கவைத்த மாதிரி.

இப்போது இலையுதிர்காலத்தில் நயாகராப் பக்கம் போனால் தோட்டங்களில் டமார் டமார் என்று வெடிச் சத்தம் கேட்கும். சுற்றுலா வந்தவர்கள் துப்பாக்கிச் சண்டையோ என்று பதறுவார்கள். பறவை விரட்டும் வேட்டு அது. 1983-இல் போர்தோவுக்கெல்லாம் முன்னால் தீர்ப்புச் சொன்னவர்களின் வாரிசுகள், எட்டத்துக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து, வேட்டு ஓயக் காத்திருக்கின்றன.