இயேசுவை எங்கே காணோம்?

ஃபோர்ட் கொச்சியில் ஒரு கிறிஸ்தவர் செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தால் விஷயம் படத்தோடு முடியாது. கீழே ஒரு தியானம் வந்தே தீரும். சீன வலைக்கு முன்னால் நின்றால் பேதுரு வருவார். பழைய கதவு கண்ணில் பட்டால் தட்டுகிறவர் வருவார். மழை பிடித்தால் நோவா. இதற்குத் தனிப் பயிற்சி தேவையில்லை. ஞாயிறு பள்ளியில் ஒழுங்காக உட்கார்ந்து எழுந்தவர்களுக்குத் தானாகவே வந்துவிடும்.

நாகர்கோவில் பக்கத்து சி.எஸ்.ஐ. சபையொன்றைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் இதில் கரை கண்டவர். மகளைக் கட்டிக்கொடுத்த இடம் இடக்கொச்சி. அரூர் பாலத்துக்குக் கொச்சிப் பக்கம், காயலை ஒட்டி வீடு. பேரனைப் பார்க்கத்தான் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு ரயிலேறுவார். போய்ச் சேர்ந்ததும் பேரன் முகத்தைப் பார்ப்பதற்குள் காயலைப் படம் பிடித்து, அமர்ந்த தண்ணீரைப் பற்றி எட்டு வரி எழுதி, சபை வாட்ஸ்அப் குழுவில் ஏற்றியிருப்பார். மளமளவென்று ‘ஆமென்’ விழும். அதில் படித்துவிட்டுப் போட்ட ஆமென் எது, படிக்காமல் போட்டது எது என்று சாருக்குத் தெரியும். எத்தனை பரீட்சைப் பேப்பர் திருத்திய கண் அது!

பள்ளுருத்தி, தோப்பும்படி வழியாக பஸ் பிடித்தால் ஃபோர்ட் கொச்சி. அங்கே செயின்ட் பிரான்சிஸ் ஆலயம் இன்று சி.எஸ்.ஐ. வசம் இருப்பதால், சார் அதற்குள் மற்ற சுற்றுலாப் பயணிகளைவிட ஒரு சுற்று உரிமையோடு நடப்பார். ஆனால் அந்த உரிமையின் வரலாறு கொஞ்சம் சிக்கலானது. 1503இல் போர்ச்சுகீசியர் மரத்தால் கட்டினார்கள். 1516இல் பிரான்சிஸ்கன் துறவிகள் செங்கல்லால் எடுத்துக் கட்டி முடித்தார்கள். 1663இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்து, கத்தோலிக்கக் கோயிலைத் தங்கள் சீர்திருத்த சபைக் கோயிலாக்கினார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள்; 1804இல் கோயில் ஆங்கிலிக்கன் சபைக்குப் போனது. பிறகு தென்னிந்தியத் திருச்சபை. நின்ற இடத்தைவிட்டு அசையாமலே இத்தனை டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வாங்கிய கட்டடத்தைக் கண்டால் அரசுப் பள்ளி வாத்தியாருக்கே மலைப்பு வரும்.

வாஸ்கோ ட காமா இந்த ஊரில் 1524 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், இறந்தார். இங்கேதான் புதைத்தார்கள். 1539இல் எலும்புகளைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது இருப்பது கம்பித் தடுப்புக்குள் ஒரு கல். ஆக, வெறும் கல்லறை. வெறும் கல்லறையைக் கண்ட கிறிஸ்தவன் சும்மா இருப்பானா? ஈஸ்டர் காலையில் தேவதூதன் பெண்களிடம் சொன்ன சேதியை அப்படியே காமாவின் தலைமாட்டில் பொருத்தி சார் குழுவில் போட்டுவிட்டார். நாற்பது ஆமென்களுக்குப் பிறகு போதகரின் பதில் வந்தது: “சார், அவரை ஊர்க்காரங்க கப்பல்ல ஏத்திக் கொண்டுபோனதுதான். உயிர்த்தெழுதல் ஒண்ணும் நடக்கல.”

போதகர் அதோடு விட்டது பெருந்தன்மை. மெக்காவிலிருந்து திரும்பிவந்த யாத்திரிகர் கப்பலொன்றை 1502இல் மலபார்க் கடலில், பெண்களும் குழந்தைகளும் உள்ளே இருக்க, கொளுத்தியவர் இதே காமா. யாத்திரை வந்த ஒருவர் அந்தக் கல்லுக்கு எந்த வசனத்தைப் போடுவது? சார் பதிவை நீக்கிவிட்டார். காமாவைப் பற்றி வேறு பதிவு எதுவும் போடவில்லை. அவர் அங்கே எடுத்த நல்ல முடிவுகளில் அதுவும் ஒன்று என்றுதான் சொல்லவேண்டும்.

அந்த ஆலயத்தில் பெரும்பாலோர் படம் எடுத்துவிட்டு யோசிக்காமல் போகும் ஒரு பொருள் உண்டு: பங்கா. பெஞ்சு வரிசைகளுக்கு மேலே நீளக் கட்டைகளில் துணி தொங்கும். கட்டையில் கட்டிய கயிறு சுவரைத் தாண்டி வெளியே போகும். வெளியே ஒருவன் உட்கார்ந்து இழுக்க இழுக்க, உள்ளே துரைமார்களுக்குக் காற்று வரும். மின்விசிறி வருவதற்கு முந்திய ஏற்பாடு. சார் இதற்கு எழுதியது பரிசுத்த ஆவியின் அசைவாட்டம் பற்றி. அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஏப்ரல் மாதத்துக் கொச்சிப் புழுக்கத்தில், ஒரு மணி நேரப் பிரசங்கம் முழுக்கக் கயிறு இழுத்தவன் வெளியே இருந்தான். அவனுக்குப் பிரசங்கமும் இல்லை, காற்றும் இல்லை. பிரசங்கியார் ‘மூன்றாவதாக’ என்று ஆரம்பிக்கும்போது அவன் தூங்கிப்போயிருந்தால் அவனைக் குற்றம் சொல்ல முடியுமா? உள்ளே இருந்தவர்களே, காற்று வந்துகொண்டிருக்கும்போதே, தூங்கியிருப்பார்கள். சுவரில் போர்ச்சுகீசியர் கல்லறைக் கற்கள் வடக்கே, டச்சுக்காரர் கற்கள் தெற்கே என்று வரிசையாகப் பதித்து வைத்திருக்கிறார்கள். கயிறு இழுத்தவர்கள் பெயருக்குக் கிழக்குமில்லை, மேற்குமில்லை.

பயணத்தையும் பக்தியையும் சேர்த்து எழுதுவதில் கேரளத்துக்கு நல்ல முன்னோடி இருக்கிறார். பாறேம்மாக்கல் தோமா கத்தனார் 1778இல் சென்னையிலிருந்து கப்பலேறி, பிரேசில், லிஸ்பன் வழியாக ரோமுக்குப் போய், 1786இல் திரும்பியவர். அவர் எழுதிய ‘வர்த்தமானப் புஸ்தகம்’ இந்திய மொழிகளில் மிகப் பழைய பயண நூல்களில் ஒன்று, அச்சேறியது 1936இல். குருவானவர் எழுதிய புத்தகம்தான், ஆனாலும் அதில் பாதி வழக்கு, மீதி செலவுக் கவலை. மிஷனரிமார் தங்கள் தோமா கிறிஸ்தவ சமூகத்தை நடத்திய விதத்தைக் கத்தனார் ஒளிக்காமல் எழுதினார். கையில் கேமரா இல்லாததால், பார்த்த எல்லாவற்றுக்கும் கீழே நாலு வரி எழுதவேண்டிய கட்டாயம் அவருக்கு ஏற்படவில்லை.

அவர் எழுதிய வழக்கின் வேர் மட்டாஞ்சேரியில் இருக்கிறது. 1653 ஜனவரி 3 அன்று தோமா கிறிஸ்தவர்கள் இங்கே ஒரு கல் சிலுவையின் முன் கூடி, ஜேசுட் பேராயருக்கு இனிக் கீழ்ப்படிய மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். எல்லோரும் சிலுவையைத் தொட இடமில்லை. அதனால் கயிறுகளைக் கட்டி நாலா பக்கமும் இழுத்துப் பிடித்துக்கொண்டார்களாம். அந்த இழுப்பில் சிலுவையே வளைந்துபோனது என்பது கர்ணபரம்பரை. கூனன் குரிசு என்ற பெயர் அப்படி நிலைத்தது. அங்கே இப்போதுள்ள கோயிலின் முன் நின்று படம் எடுத்த சார் போட்ட தலைப்பு ‘ஒருமனம்’. சத்தியம் செய்த அன்றைக்கு அது உண்மை. பிறகு அந்தச் சமூகம் பிரிந்து பிரிந்து இன்றைக்கு அரை டஜனுக்கும் மேற்பட்ட சபைகளாக நிற்கிறது. சாரின் சொந்த சபையில் கமிட்டி தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த நேரம் என்பதால், இரண்டு அணியும் அந்த ‘ஒருமன’த்துக்குப் போட்டி போட்டுக்கொண்டு ஆமென் போட்டன.

சாந்தாகுரூஸ் பேராலயத்தில் நடந்தது வேறு கதை. பழைய கட்டடத்தை டச்சுக்காரர் ஆயுதக் கிடங்காக்கினார்கள், ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினார்கள். மிச்சம் ஒரு கருங்கல் தூண் வளாகத்தில் நிற்கிறது. இன்றைய கட்டடம் 1905 நவம்பர் 19இல் அர்ச்சிக்கப்பட்டது. உள்ளே ஓவியம் தீட்டிய இத்தாலிய ஜேசுட் சகோதரர் அந்தோனியோ மொஸ்கேனி, நான்கு நாளைக்கு முன்பு, நவம்பர் 15இல் இறந்துவிட்டார். மங்களூர் செயின்ட் அலோசியஸ் சிற்றாலயச் சுவர்களை நிறைத்ததும் இந்தக் கைதான். அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்த மனிதர், திறப்பு விழாவுக்கு மட்டும் இல்லை.

டா வின்சியைப் பின்பற்றித் தீட்டிய கடைசி இராப்போஜன ஓவியம் அங்கே உண்டு. சார் அதற்குக் கீழே நின்று, கையை நீட்டி, தானே படம் எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் திரும்பும்போது மனைவி போனை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார்.

“ஏங்க, சீஷர்மாரு பன்னெண்டு பேரும் இருக்காவ. நீங்களும் இருக்கிய. இயேசுவ எங்க காணோம்?”

சாரின் தலை சரியாக நடுவில் இருந்தது.

சீன வலைகளிடம் இன்னொரு நாள் மாலை போனார்கள். பேதுருவின் வலையில் 153 மீன் என்று யோவான் கணக்கு வைத்திருக்கிறார். கணக்கு வாத்தியாருக்கு அது மறக்காது. கொச்சியின் வலையோ படகிலிருந்து வீசுவது அல்ல. கரையிலேயே மரச்சட்டத்தில் நிற்கும். எதிர்ப்பாரமாகக் கற்களைக் கயிற்றில் தொங்கவிட்டு, நாலைந்து பேர் சேர்ந்து இழுத்துத் தூக்குவார்கள். அன்று வலையில் வந்தது கொஞ்சம் பொடிமீன், நிறைய ஆகாயத்தாமரை, ஒரு பிளாஸ்டிக் பாட்டில். கயிறு இழுக்கிறவர் சாரையும் கூப்பிட்டு ஒரு கை போடச் சொன்னார். போட்டார். அதற்கும் ஒரு ரேட் இருந்தது.

ஃபோர்ட் கொச்சியில் வெளி என்ற பகுதியில் தோபிகானா இருக்கிறது. டச்சுச் சிப்பாய்களின் உடுப்பைத் துவைக்கத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் அங்கே இன்றும் துவைக்கிறார்கள். இப்போதுள்ள கட்டடத்தை 1976இல் வளர்ச்சி ஆணையம் கட்டிக்கொடுத்தது. வெள்ளை வேட்டிகள் வரிசையாகக் காய்ந்தன. கிளிப் ஒன்றுகூட இல்லை. இரட்டைக் கயிறு முறுக்கின் இடுக்கில் துணியின் முனையைச் செருகியிருந்தார்கள். சார் வெளிப்படுத்தின விசேஷத்தின் வெண்ணங்கிகளைப் பற்றி மனசுக்குள் இரண்டு வரி ஓட்டுவதற்குள், தமிழில் ஒரு குரல்: “படம் எடுங்க சார், வேணாங்கல. ஆனா கயித்துல சாயாதீங்க.”

வல்லார்பாடம் மாதா கோயிலுக்குப் போனது கடைசி நாள். சாரின் மனைவிக்குத் தாய்வீடு முட்டம் பக்கம், ஆர்.சி. குடும்பம், கொச்சிவரை வந்துவிட்டு மாதாவைப் பார்க்காமல் போக அவர் தயாராக இல்லை. 1752இல் புயலில் காயலில் மூழ்கிய மீனாட்சியம்மாவும் குழந்தையும் மூன்றாம் நாள் உயிரோடு மீட்கப்பட்டார்கள் என்பதும், அந்த அம்மா பிறகு கோயில் முற்றத்தைப் பெருக்கியே காலம் கழித்தார் என்பதும் அங்கே வழங்கும் கதை. அதனால் வேண்டுதலும் அதுதான்: துடைப்பத்தை எடுத்து முற்றம் பெருக்குவது. மனைவி பெருக்குவதை எந்தக் கோணத்தில் எடுத்தால் கோபுரமும் விழும் என்று சார் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி அவர் கையிலும் ஒரு துடைப்பத்தைத் திணித்துவிட்டார். மறுக்க மலையாளம் போதவில்லை. போன் மனைவியிடம் போயிற்று.

அன்று சபைக் குழுவில் வந்த படத்தில் தியானம் இல்லை, வசனம் இல்லை. சார் குனிந்து பெருக்குகிறார், கீழே மனைவி எழுதிய ஒரே வரி: “கல்யாணம் ஆகி முதல் தடவை.” சபையில் உள்ள பெண்கள் அத்தனை பேரும் ஆமென் போட்டிருந்தார்கள். எல்லாம் படித்துவிட்டுப் போட்டதுதான்.