கையுறையைக் கழட்டுடா பேராண்டி

பேராண்டி, மொதல்ல அந்த வெள்ளைக் கையுறையைக் கழட்டு. நீ ரெக்கார்டு போடப் போறியா, பிரசவம் பாக்கப் போறியா?

மொறைக்காத. ஊர்ல முப்பத்தஞ்சு வருஷம் ரேடியோ செட்டு வச்சு, கல்யாணம், காதுகுத்து, முளைப்பாரின்னு ஒண்ணு விடாம கொழாய் கட்டுனவன் நான். ஆறு மாசம் டாலஸ்ல மக வீட்டுல இருந்துட்டுப் போவோம்னு வந்தா, நீ ஒரு ரூமு முழுக்க ரெக்கார்டா அடுக்கி வச்சிருக்க. அடுக்கி மட்டுந்தான் வச்சிருக்க. தாத்தனுக்கு இங்கிலீஷ் பாட்டுல ஒரு எழுத்து புரியாதுன்னு சிநேகிதங்கிட்ட போன்ல சொன்னியே, கேட்டுச்சு. நெசந்தான், புரியாது. அதனாலதான் நீ ஆபீஸ் போனதும் உங்கம்மாவை உக்கார வச்சு, அட்டைக்குப் பின்னால பொடி எழுத்துல அடிச்சிருக்கறதையும், நீ பிரிக்காமலே வச்சிருக்கற தடிப் புத்தகங்களையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டேன். உன் தட்டோட வெலை உனக்குத் தெரியும். கதை எனக்குத் தெரியும்.

நீ பயபக்தியோட சொல்ற ஹாங்கி டாங்க் என்ன, கோயில் மண்டபமா? குடிக்கற கடைடா. அங்க பொறந்த கன்ட்ரிப் பாட்டுக்கும் அதே பேரு. இதே டெக்சாஸ்ல கிழக்குப் பக்கம் 1930ல எண்ணெய் பீறிட்டுச்சு. சட்டைப்பையில கூலியோடயும், பக்கத்துல பொண்டாட்டி இல்லாமலும் கூட்டங்கூட்டமா ஆம்பளைக வந்து எறங்குனாங்க. 1933ல மதுவிலக்கை எடுத்தாங்க. அப்புறம் கேக்கணுமா? ஊர் எல்லையைத் தாண்டுன ஒடனே கொட்டகை, கொட்டகைக்குள்ள ஆட்டம், ஆட்டம் முடிஞ்சா அடிதடி. பாட்டுக்காரனுக்குக் கூலி குடுக்க மனசில்லாத கடைக்காரன் ஜூக்பாக்ஸ் ஒண்ணை மூலையில நிறுத்துனான். 5 சென்ட் போட்டா ஒரு பாட்டு. அல் டெக்ஸ்டர்னு ஒருத்தன் அந்த எண்ணெய்ச் சீமையில தானே அப்படி ஒரு கடை நடத்துனவன். 1936லயே ஹாங்கி டாங்க்கிற பேரை வச்சு ஒரு பாட்டும் போட்டான். குடிக்க வைக்கறதும் அவனே, அழுக வைக்கறதும் அவனே. அவன்டா வியாபாரி.

எர்னஸ்ட் டப்னு ஒரு பாட்டுக்காரன் கதையைக் கேட்டதும் எனக்கு எங்கூர் கல்யாண மண்டபம் ஞாபகம் வந்துருச்சு. அந்த ஆளுக்குத் தொண்டைச் சதையை அறுத்து எடுத்ததுல, அவன் சாமியாக் கும்பிட்ட ஜிம்மி ராட்ஜர்ஸ் மாதிரி குரலை மேல ஏத்தி ஒடைச்சுப் பாடுற வித்தை போச்சு. மிச்சமிருந்தது கட்டைக் குரல். அந்த நேரத்துல ஜூக்பாக்ஸ்காரன் ஒருத்தன் வந்து, கூட்டம் கூடி இரைச்சல் ஏறிட்டா உங்க தட்டு கேக்கவே மாட்டேங்குதுன்னு மொகத்துக்கு நேரா சொல்லிட்டான். 1941ல இதே டாலஸ்ல உக்காந்து, 'வாக்கிங் த ஃப்ளோர் ஓவர் யூ' பாட்டுக்குக் கரண்டு கிட்டாரைச் சேத்தான் டப். பாட்டு பிச்சுக்கிட்டுப் போச்சு. மொய் எழுதற எடத்துல சண்டை, பந்தியில எலைக்குச் சண்டை, அதையெல்லாம் தாண்டி நாயனம் கடைசி வரிசைக்குக் கேக்கணும்னு ஆம்ப்ளிஃபையரைத் திருகுனவனுக்குத் தெரியும் டப் பட்ட பாடு. இரைச்சலை ஜெயிக்கறதுக்குன்னு பொறந்த பாட்டுடா இது. நீ கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கேக்கற.

இன்னொண்ணு. எதுக்கெடுத்தாலும் ஆல்பம், ஆல்பங்கிற. அன்னைக்கு அவங்களுக்கு ஆல்பம் ஒரு பொருட்டே இல்ல. ஜூக்பாக்ஸுக்குப் போனது பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்கற சின்னத் தட்டு. நிமிஷத்துக்கு 33 சுத்து சுத்தற பெருந்தட்டு வந்ததே 1948ல. கன்ட்ரி ஆல்பத்துக்குன்னு பில்போர்டு பத்திரிகை தனிப் பட்டியல் போட்டது 1964லதான். அதுவரைக்கும் பல ஆல்பம் என்னன்னா, ஓடுன ரெண்டு பாட்டை முன்னால வச்சு, மிச்ச எடத்தைக் கையில கெடச்சதைப் போட்டு நெரப்புன மூட்டை. மேல பளபளன்னு கத்திரிக்கா, அடியில சொத்தை. முழுசாக் கேக்கறதுக்குன்னே செஞ்ச ஆல்பம் கொஞ்சந்தான். அதைப் பொறுக்கத் தெரிஞ்சவன் சேகரிக்கறவன். மத்தவன் குடோன்காரன்.

போன மாசம் ஒரு கடையில 'குட்'னு சீட்டு ஒட்டுன தட்டைப் பாத்து, நல்லதுன்னே போட்டிருக்கே தாத்தான்னு வாங்கிட்டு வந்த பாரு, அன்னைக்கு உங்கம்மா கடுகு தாளிக்கறான்னு நெனச்சு நான் அடுப்பங்கரைக்கு எழுந்து போயிட்டேன். கடுகு இல்ல, உன் தட்டு. இந்தத் தொழில்ல 'குட்'னா தேறாதுன்னு அர்த்தம். பையன் தங்கமானவன்னு தரகர் ஆரம்பிச்சா வேலை இல்லைன்னு நாம புரிஞ்சுக்கறோமில்ல, அந்த மாதிரி. 'வெரி குட்'டுலயும் சலசலப்பு இருக்கும். அதுக்குப் பக்கத்துல ஒரு கூட்டல் குறி இருந்தாத்தான் பேச்சை ஆரம்பிக்கணும். அதுக்கும் மேல 'நியர் மின்ட்'. அறுபது வருஷமா ஒரு பயலும் போட்டுக் கேக்காத தட்டு. ஏன் கேக்கலைன்னு நீ எப்பவாவது யோசிச்சியா?

தட்டை வாங்குறப்ப சீட்டைப் படிக்காத. வெளிச்சத்துல சாய்ச்சுப் பாரு. பள்ளம் கருகருன்னு மின்னணும். சாம்பல் பூத்தாப்புல இருந்தா, கனத்த முள்ளு உழுதுட்டுப் போயிருக்குன்னு அர்த்தம், அதைத் தொடைச்சு எடுக்க முடியாது. அட்டை கிழிஞ்சு, மூலையில எவளோ பேனாவால தன் பேரை எழுதி, தட்டு மட்டும் நல்லா இருக்கா? யோசிக்காமத் தூக்கு. மாப்பிள்ளைக்குச் சட்டைதான் கிழிசல், ஒடம்பு கல்லு.

ஹேங்க் வில்லியம்ஸை எடுத்துக்க. அலபாமாக்காரன். தெருவுல பாடிப் பொழைச்ச ரூஃபஸ் பெய்ன்னு ஒரு கறுப்பின மனுசங்கிட்ட கிட்டார் படிச்ச பய. 1953 ஜனவரி 1ந் தேதி, 29 வயசுல, கச்சேரிக்குப் போற வழியில காருக்குள்ளயே போய்ச் சேந்தான். உசுரோட இருந்த காலத்துல வந்த பெருந்தட்டு ரெண்டே ரெண்டு: 1951ல 'ஹேங்க் வில்லியம்ஸ் சிங்ஸ்', 1952ல 'மோனின் த ப்ளூஸ்'. ரெண்டும் பத்து இஞ்சு, தட்டுக்கு எட்டுப் பாட்டு. அது உன் சம்பளத்துக்குக் கட்டாது, விடு. செத்தவனைச் சும்மா விட்டாங்களா? அவன் பாட்டுக்கு மேல வயலின் கூட்டத்தை ஏத்துனாங்க. ஒத்தை ஒலியாப் பதிஞ்சதை ரெண்டாக் கீறி, எதிரொலியைக் கலந்து, ஸ்டீரியோன்னு அட்டையில போட்டாங்க. அந்த எழுத்தைப் பாத்துத்தான் நீ பல்லை இளிச்சுக்கிட்டு பத்து டாலர் கூடக் குடுத்த. கிணத்துக்குள்ள விழுந்தவன் கூப்புடற மாதிரி இல்ல? அந்தக் காலத்துப் பாட்டுன்னா மோனோ வாங்கு. நமக்குக் காது ரெண்டு இருக்குங்கறதுக்காக அவனும் ரெண்டு வாயால பாடணுமா?

எனக்குப் பிடிச்ச பய லெஃப்டி ஃபிரிஸல். இங்கருந்து காருல ஒரு மணி நேரம் போனா கோர்சிக்கானா, அங்க பொறந்தவன். ஒரு எழுத்தை எடுத்தான்னா நேரா வச்சுட்டுப் போக மாட்டான். இழுப்பான், வளைப்பான், கீழ எறக்கி விட்டு மறுபடி தூக்குவான். கமகம்னு அவனுக்கு எவனும் சொல்லித் தரல. 1951ல ஒரே நேரத்துல அவன் பாட்டு நாலு, பட்டியல்ல மொதப் பத்து எடத்துக்குள்ள நின்னுச்சு. 'த ஒன் அண்ட் ஒன்லி லெஃப்டி ஃபிரிஸல்'னு 1959ல வந்த தட்டு இருக்கு. நடுச் சீட்டுல ஆறு கண்ணு அச்சடிச்ச கொலம்பியா கம்பெனி மோனோ கெடச்சா எனக்கு ஒரு போன் போடு, நான் ஊர்ல இருந்தாலும் பரவால்ல. வில்லி நெல்சன் 1977ல ஒரு முழு ஆல்பத்தையே இவனுக்குக் காணிக்கையாப் பாடிக் குடுத்திருக்கான்னா சும்மாவா?

அந்த லெஃப்டியோட மொதப் பாட்டுகளைப் பதிஞ்சது இதே டாலஸ்ல ஜிம் பெக்குங்கறவரோட ஸ்டூடியோவுல. உங்கம்மா இந்தப் பக்கத்தைப் படிச்சப்ப எனக்குச் சோறு எறங்கல. 1956ல பெக் தன் மெஷினைக் கார்பன் டெட்ராகுளோரைடு போட்டுத் தொடைச்சிருக்கார். அந்தப் புகை உள்ள போய் ஆளே போயிட்டார். அவர் மட்டும் இருந்திருந்தா நாஷ்வில்லுக்குப் போன பாட்டுத் தொழில்ல பாதி டாலஸ்லயே தங்கியிருக்கும்னு பேசறவங்க இருக்காங்க. நானும் டேப்பு மெஷின் ஹெட்டை ஸ்பிரிட்டு போட்டுத் தொடைச்சவன்தான், கடைக்குள்ள பீடி வேற. நீ பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு ஏதோ ஒரு பாட்டில் மருந்தைத் தெளிச்சுத் தட்டு கழுவுறியே, ஜன்னலைத் தொறந்து வை. தட்டுக்கு வேண்டியது நல்ல தண்ணி, ரெண்டு சொட்டு சோப்பு, மெத்துனு துணி. பள்ளம் போற போக்குலயே தொடை, நடுச் சீட்டு நனையக் கூடாது. பழைய 78 தட்டு மேல ஸ்பிரிட்டைக் கொண்டு போயிறாத. அது அரக்குடா, கரைஞ்சு போயிரும். அந்த அரக்கே நம்ம நாட்டுல இருந்து கப்பல் ஏறிப் போன சரக்குதான்.

பொம்பளைக பக்கம் வா. 1952ல ஹேங்க் தாம்சன்னு ஒருத்தன், பொண்ணுதான் ஆம்பளையை விட்டுட்டு ஹாங்கி டாங்க்குக்குப் போயிட்டாங்கற மாதிரி ஒரு பாட்டுப் பாடி, ஊரெல்லாம் அதே பேச்சு. அதே மெட்டை எடுத்து, தப்பு பொண்ணு மேல மட்டும் இல்ல, அவளை அங்க தள்ளுனவன் யாருன்னு ஒரு எசப்பாட்டு வந்துச்சு. பாடுனது கிட்டி வெல்ஸ். மூணு புள்ளைக்குத் தாய், பாட்டெல்லாம் போதும், வீட்டைப் பாப்போம்னு இருந்த பொம்பளை. பதிவுக்கு 125 டாலர் கெடைக்குமேன்னு போய்ப் பாடுனாங்க. மேடையிலயும் ரேடியோவுலயும் இதைப் பாடக் கூடாதுன்னு தடுத்துப் பாத்தாங்க. நடக்கல. பில்போர்டு கன்ட்ரிப் பட்டியல்ல மொத எடத்துக்குத் தனியாப் போய் நின்ன மொதப் பொம்பளை அவங்கதான். 'கிட்டி வெல்ஸஸ் கன்ட்ரி ஹிட் பரேடு', டெக்கா கம்பெனி, 1956. அதே வருஷம் ஜீன் ஷெப்பர்டு போட்ட 'சாங்ஸ் ஆஃப் எ லவ் அஃபேர்' இன்னும் குசும்பு. கள்ள உறவு ஒண்ணை எடுத்துக்கிட்டு, தட்டோட ஒரு பக்கத்துல ஒருத்தி நியாயம், திருப்பிப் போட்டா மத்தவ நியாயம். மூட்டை இல்ல பாரு, இது ஆல்பம். பஞ்சாயத்துல ரெண்டு தரப்பையும் கேக்கணுங்கற அறிவு அந்தத் தட்டுக்கு இருக்கு.

பெடல் ஸ்டீல் கிட்டார்னு நீ யூடியூபுல காட்டுனியே, மேசையாட்டம் நிக்குமே, அது. கம்பி மேல இரும்புக் கட்டையை வழுக்கி, காலால மிதிச்சா, ஒரு நரம்பு நின்ன எடத்துலயே நிக்க இன்னொண்ணு மட்டும் மேல ஏறும். நின்னு அழுகறவளைச் சுத்தி இன்னொருத்தி ஒப்பாரி எடுத்த மாதிரி. 1954ல வெப் பியர்ஸோட 'ஸ்லோலி' பாட்டுல பட் ஐசக்ஸ் அதை மிதிச்சுக் காட்டுனதும், மத்த வாத்தியக்காரங்க தூக்கம் போச்சு. அந்த வாத்தியத்தோட உச்சி என் காதுக்கு ரே பிரைஸோட 'நைட் லைஃப்', 1963. ஸ்டீல் வாசிச்சது பட்டி எம்மன்ஸ். பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே ரே பிரைஸ் வாயைத் தொறந்து ரெண்டு வார்த்தை பேசுவாரு, பின்னால அந்த ஸ்டீலு மொணங்கும். தலைப்புப் பாட்டை எழுதுன வில்லி நெல்சன், சோத்துக்கு வழியில்லாம அதை 150 டாலருக்கு வித்துட்டவன். நீ ஒரு தட்டுக்கு அதைவிடக் கூடக் குடுத்திருக்க.

பேக்கர்ஸ்ஃபீல்டு கூட்டத்தைப் பத்தி நிறையச் சொல்ல மாட்டேன், அது உனக்கே பிடிச்சது. ஓக்லஹோமா, டெக்சாஸ் பஞ்சத்துல கலிபோர்னியாவுக்குப் பஞ்சம் பொழைக்கப் போனவங்க கொண்டு போன பாட்டு. பக் ஓவன்ஸ் தன் பாட்டு கார் ரேடியோவுல கணீர்னு கேக்கணும்னே டிரபிளைத் தூக்கி வச்சவன். கொழாய்க்காரன் புத்தி. 'ஐ'வ் காட் எ டைகர் பை த டெயில்', 1965. காருக்காகச் செஞ்ச பாட்டுதான், அதுக்காகத் தட்டைக் கார் பின்சீட்டுல விட்டுட்டு ஜூலை வெயில்ல ஷாப்பிங் போகச் சொல்லல. திரும்பி வந்து பாத்தா பொரிச்ச அப்பளம். மெர்ல் ஹாகர்டோட 'ஸ்விங்கிங் டோர்ஸ்', 1966, அதையாவது வீட்டுக்குள்ள வை. நெட்டக்குத்தா நிறுத்தி வை, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காத.

பிற்காலத்து ஆளுன்னா கேரி ஸ்டூவர்ட், 'அவுட் ஆஃப் ஹேண்ட்', 1975. குரல் நடுங்குற நடுக்கத்துல கையில இருக்கற டம்ளர் ஆடும். மொதப் பதிப்பு வாங்கக் காசு இல்லைன்னா வெக்கப்படாத. ஜெர்மனியில பேர் ஃபேமிலின்னு 1975ல ஆரம்பிச்ச ஒரு கம்பெனி இந்தப் பழைய பாட்டையெல்லாம் பெட்டி பெட்டியாப் போட்டுக்கிட்டு இருக்கான். அமெரிக்காக்காரன் பரண்ல தூக்கிப் போட்டதை ஜெர்மன்காரன் தூசி தட்டி வச்சிருக்கான்.

சரி, பேசுனது போதும். அந்த ரே பிரைஸை எடு. கையுறை இல்லாம எடு, ஓரத்தைப் பிடி, அம்புட்டுதான். முள்ளை வை. இரு, இரு, எங்க எந்திரிக்கற? உங்கம்மா தேங்கா அரைக்க மிக்சி போட்டுட்டா, அதானே? நிறுத்தச் சொல்லப் போறியா? உக்காரு. அவ அரைக்கட்டும். கதவையும் நல்லாத் தொற. கேக்குதா... அந்தா, மிக்சிக்கு மேல ஏறி வருது பாரு ஸ்டீலு.