ஈரடுக்கும் ஈரடியும்

போர்த்துக்கல்லின் போர்ட்டோ நகரில் 1886இல் திறந்த ஈரடுக்குப் பாலத்தைப் பார்க்க ஊர் உலகமே விமானம் ஏறுகிறது. மேலே மெட்ரோ, கீழே வண்டிகள், எங்கும் செல்ஃபி. திருநெல்வேலி ஜங்ஷனில் ரயில் பாதைக்கு மேல் 1973 முதல் நிற்கிற நம் ஈரடுக்குப் பாலத்துக்கு அந்த ராசி இல்லை. மேலே பஸ், கீழே பைக். நின்று பார்த்தால் பின்னால் ஹாரன்.

ஆனாலும் தூண் அலங்காரத்தில் நாம்தான் முன்னோடி. கண்ணீர் அஞ்சலி, காதணி விழா, மாநாட்டு அழைப்பு என்று செலவில்லாமல் மாற்றிக்கொண்டே இருக்கிறோம்.

பாலத்தின் பெயர் திருவள்ளுவர். ஈரடியில் உலகத்தையே அடக்கியவரால் ஈரடுக்கில் நம் ட்ராஃபிக்கை அடக்க முடியவில்லை. 133 அதிகாரத்தில் ‘வழிவிடாமை’ விட்டுப்போனதுதான் காரணமாக இருக்கும்.